போனா மயிரே போச்சு

செங்குளம்புதூரில் ஆண்களின் தலைமயிர் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்த வருஷத்தில் மில் சங்கு வழக்கம்போலத்தான் ஊதியது, டவுன் பஸ் வழக்கம்போலத்தான் தாமதமாக வந்தது, குழாயில் தண்ணீர் வழக்கம்போலத்தான் வரவில்லை. அதனால் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று ஊருக்கு உடனே தெரியவில்லை. அது தளவாயின் தலையில் ஆரம்பித்தது. தளவாய் அப்போது ஊரில் இருந்த ஒரே நூற்பாலையில் ஃபிட்டர், இருபத்தெட்டு வயது, நல்ல உயரம், நல்ல குரல், உச்சந்தலையில் மட்டும் கொஞ்சம் பஞ்சம்.

இருபத்திரண்டு வயதில் தலையணையில் முதல் கொத்தைப் பார்த்த காலையிலிருந்து அவனுக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசினான், செம்பருத்தியை அரைத்துப் பூசினான், யாரோ சொன்னார்கள் என்று முட்டையை ஊற்றிக்கொண்டு நாற்றத்தோடு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். பூசிய ஒவ்வொன்றின் மேலும் கோபம், அதைச் சொன்னவன் மேல் அதைவிடக் கோபம், "டென்ஷன் ஆகாதடே, டென்ஷன் ஆனா இன்னும் கொட்டும்" என்று தோளில் தட்டியவனை மென்று தின்றுவிடலாம் போலக் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் அப்பா பரமன் மேல் கோபம். பரமன் மில்லின் வாசலில் வாட்ச்மேன். முப்பது வயதிலேயே முழுவதும் கொட்டி, யாராவது கிண்டல் செய்வதற்குள் தானே தன்னைக் கிண்டல் செய்து சிரித்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டவர். "நம்ம வீட்ல கரண்ட் போனாலும் கவலையில்ல" என்பார். சிரிப்பவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். தளவாய் சிரிக்க மாட்டான்.

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தாய்மாமன் கேசரித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, கொஞ்சம் குனியுங்க பாப்போம்" என்றார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. தளவாய் குனிந்தான். குனிந்ததுதான் பிற்பாடு பல வருஷம் அவனைக் குடைந்தது. யாராவது குனி என்றால் குனிந்துவிடுகிற கழுத்து தனக்கும் இருக்கிறதே என்று. தாய்மாமன் விரலால் வகிட்டைப் பிரித்துப் பார்த்து, "நடுவுல காலியால்லா கெடக்கு" என்று சபைக்கு அறிவித்தார். அப்போது பரமன் சிரித்துக்கொண்டே, "காத்து வரட்டும்னு ஜன்னல் வச்சிருக்கான், அண்ணாச்சி" என்றார். வீடே சிரித்தது. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சிரித்தாள்.

தளவாய் எழுந்து நின்று சொன்னான்: "இந்தச் சம்பந்தம் போனா மயிரே போச்சு."

அவன் மட்டுமா சொன்னான், அந்த ஊரில் காலம் காலமாக எல்லோரும் சொன்னதுதான். வேலையைத் தூக்கி எறிகிறவன் சொன்னான், பங்காளியிடம் வரப்பை விட்டுக்கொடுத்தவன் சொன்னான், காதலித்தவள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கக் கண்டவன் அழக் கூடாதென்று சொன்னான். மானம் மட்டும் மிஞ்சியவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேட்டி. இத்தனை காலமும் தலைமயிர் அதைக் கேட்டும் கேளாததுபோல இருந்தது. அன்றைக்கு மட்டும் நிஜமாகவே எடுத்துக்கொண்டது. தளவாயின் தலையில் மிச்சமிருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி, கேசரித் தட்டுக்கு மேலே உறுதி கேட்பதுபோலக் கொஞ்சம் நின்று, ஜன்னல் வழியாக வெளியே போய், தென்னைகளுக்கு மேலே குருவிக் கூட்டம்போல மேற்கு மலையைப் பார்த்துப் பறந்தது. தாய்மாமன் தட்டுக்குள் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, காப்பி குடிச்சிட்டுப் போலாமே" என்றார்.

அடுத்து ஒரு ஆட்டோக்காரர், லைசென்ஸைப் பிடுங்கிய போலீஸ்காரரிடம் சொன்னார். சுருட்டைமுடி, நல்ல அடர்த்தி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று. பிறகு பாகப் பிரிவினையில் ஒருவர். அதற்கப்புறம் ஊருக்குப் புரிந்துவிட்டது. ஏன் இப்படி என்று யாரும் அதிகம் கேட்கவில்லை, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டுக் களைத்த ஊர் அது. எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் எல்லோருக்கும் கவனம். டீக்கடைகளில் 'அரசியல் பேசாதீர்' பலகைக்குக் கீழே 'அதையும் பேசாதீர்' என்று சேர்த்து எழுதினார்கள். தமிழ் வாத்தியார் ஒருவர் மரியாதையாகச் சொன்னால் தப்பிக்கலாம் என்று, "போனால் முடியே போயிற்று" என்று சொல்லிப் பார்த்தார். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எதிரே நின்றவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏதோ உடம்பு விசாரிக்கிறார் என்று நினைத்து "பரவால்ல சார்" என்றான். சம்ஸ்கிருதம் உதவும் என்று "ரோமமே போச்சு" என்று சொன்னவருக்குப் புருவம் இரண்டும் போயிற்று. சினிமா தியேட்டரில் கதாநாயகன் அதைச் சொல்லும்போது அவன் தலையில் ஒன்றும் அசையவில்லை என்பதைப் பார்ப்பதற்காகவே அந்தப் படம் பொங்கல் தாண்டியும் ஓடியது.

பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயடியில் நாள் முழுக்க அந்த வார்த்தையைப் புழங்கியும் ஒருத்தி பின்னலிலும் ஒரு இழை குறையவில்லை. இதற்குக் காரணம் கேட்டதற்குத் தளவாயின் அம்மா வேலம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நாங்க என்னைக்குலே போனாப் போகுதுன்னு எதையாவது விட்டுட்டுப் போயிருக்கோம்? எங்க வாய்தான் சொல்லும். மயித்துக்குத் தெரியும், இவ எங்கயும் போகமாட்டா, நாளைக்கும் உலை வைக்க வருவான்னு" என்றாள். அதற்கு மேல் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை.

ஆண்கள் வாயைக் கட்டினார்கள். இளைஞர்கள் அழகுக்காகக் கட்டினார்கள், கல்யாணம் ஆகவேண்டுமே என்று கட்டினார்கள். நாற்பது வயதுக்காரர்கள் அதைவிட மோசம்: இடது காதோரத்திலிருந்து வலது காதுவரைக்கும் இழுத்துச் சீவ ஒரு கைப்பிடி மட்டும் வைத்திருந்தவர்கள்தான் ஊரிலேயே பெரிய கோழைகளானார்கள். பேங்கில் யாராவது வாய்க்கு வந்தபடி திட்டினாலும் தலையைத் தடவிக்கொண்டே, "சரிங்க சார், சரிங்க சார்" என்றார்கள். கோபம் வந்தவன் அதை விழுங்கினான், விழுங்கியதை வீட்டில் போய்க் கக்கினான். தளவாய் இதையெல்லாம் பார்த்து எரிந்தான். ஊரில் வாய் திறக்கக்கூடிய ஆண்கள் அவனைப் போன்ற வழுக்கைத் தலையர்கள் மட்டும்தான். அவர்கள் பேச்சையோ யாரும் காதில் வாங்குவதில்லை, "விடுடே, அவனுக்குப் போறதுக்கு என்ன இருக்கு" என்றார்கள்.

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் மில் முதலாளி கோமதிநாயகம். அதுவரை அவர் ஒரு ஆளை ஒரு அளவுக்குத்தான் திட்ட முடியும். அளவு தாண்டினால் அவன் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு, "உம்ம வேலை போனா மயிரே போச்சு" என்று கிளம்பிவிடுவான், மெஷின் நிற்கும், மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும். இப்போது எவனும் கிளம்பவில்லை. டீ நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஷிப்டை நீட்டிப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவைச் சேர்த்துத் திட்டிப் பார்த்தார். ஒருவன் உதடு துடித்தது, பக்கத்திலிருந்தவன் ஓடிவந்து வாயைப் பொத்தினான். அந்த வாரமே மில்லில் இருந்த வழுக்கைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். லைட் பட்டு மினுங்குகிறது, மெஷின் ஓட்டுகிறவன் கண் கூசுகிறது என்பது காரணம். தளவாயும் அதில் போனான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை போட்டுக்கொண்டான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களை முதலாளி தலையைக் கோதிப் பார்த்துத்தான் எடுத்தார். முடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அடக்கம் என்பது அவர் கணக்கு.

வழுக்கைகளில் பரமனை மட்டும் வாசலில் விட்டுவைத்தார். அவர் எதையும் சொல்ல மாட்டார், சிரிப்பார் என்று முதலாளிக்குத் தெரியும். காலையில் கார் வாசலுக்கு வரும்போது ஜன்னலை இறக்கி, சாவிக்கொத்தால் பரமன் தலையில் டொக் டொக்கென்று தட்டுவார். "ஒன் தலையத் தட்டிட்டுப் போனாத்தான்யா நாள் நல்லா ஓடுது." பரமன் தட்ட வாகாகக் குனிந்து கொடுத்துச் சிரிப்பார், பிறகு கேட்டைத் திறப்பார். கடையிலிருந்து பார்த்தால் மில் வாசல் தெரியும். தளவாய் காலையில் வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். இருந்தாலும் சத்தம் கேட்கும், அல்லது கேட்பதுபோல இருக்கும்.

தளவாயின் தம்பி இசக்கிராஜுக்கு ஊரிலேயே நல்ல முடி. நெற்றியில் புரண்டு விழும், கோதிவிட்டால் அடங்கும், மழையில் நனைந்தால் இன்னும் அழகு. அவன் அந்த மில்லில்தான் இருந்தான். சொந்தத் தாய்மாமன் மகள் சண்முகக்கனிக்கும் அவனுக்கும் தை மாசம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் அவன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் ஒரு மிக்ஸி ஜாரைத் திறந்து திறந்து மூடினான்.

"எண்ணே, இன்னைக்கு என் கண்ணு முன்னாலயே அப்பா தலையில தட்டுதாருண்ணே. தட்டிட்டு என்னயப் பாத்துக் கண்ணடிக்காரு."

"நீ என்ன செஞ்ச?"

"தலையக் கோதிக்கிட்டு நின்னேன்."

தளவாய்க்கு ஸ்க்ரூடிரைவரை எங்காவது குத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் தம்பியின் முடியைப் பார்த்தான். குனியச் சொன்ன வீடும், கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பும், அதற்குப் பிறகு பெண் கேட்டுப் போகாமலே முப்பத்தாறு வயதாகிவிட்டதும் அவனுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. "தாலி கட்டுத வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருலே" என்றான். "எனக்கு நடந்தது ஒனக்கு நடக்க வேண்டாம். அதுவரைக்கும் அவன் என்ன சொன்னாலும் சரின்னுட்டு வா." சொல்லிவிட்டு அன்று முழுவதும் தன் மேலேயே காறித் துப்பலாம் போலக் கோபமாக இருந்தான். தம்பிக்குக் குனியச் சொல்லிக்கொடுத்தவன் இப்போது அவனேதான்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைய மில் பையன்கள், எல்லாத் தலையிலும் எண்ணெய் வைத்துச் சீவிய முடி. தாலியை ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்து இசக்கிராஜ் கையில் கொடுத்த சமயத்தில்தான் முதலாளி வந்தார். சபை எழுந்து நின்றது. பரமன் சந்தனக் கிண்ணத்தோடு ஓடினார். கோமதிநாயகம் விரல் நிறையச் சந்தனத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைக்காமல், பரமனின் உச்சந்தலையில் வட்டமாக அப்பினார். அவரைத் தோளோடு அணைத்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய், சபைக்குத் திருப்பி நிறுத்தி, "தவில்காரரே, ஒம்ம தவிலவிட இதுல தோல் நல்லா இழுத்துக் கட்டியிருக்கு, கேளும்" என்று இரண்டு கையாலும் அந்தத் தலையில் தாளம் போட்டார். சபை சிரித்தது. முதலாளி சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்துப் பழகிய சபை. எல்லோரையும்விடச் சத்தமாகப் பரமன் சிரித்தார்.

"மொதலாளி," என்றான் இசக்கிராஜ், "எங்கப்பா தலையில இருந்து கைய எடுங்க."

கோமதிநாயகம் எடுக்கவில்லை. இசக்கிராஜின் நெற்றியில் புரண்ட முடியைப் பார்த்து நிதானமாகச் சிரித்தார். "என்னடே, மாப்பிள்ளைக்குச் சூடு ஏறுது? திங்கக்கிழமை வேலை வேணுமா, வேண்டாமா?"

இசக்கிராஜின் வாய் திறந்தது. தளவாய் ஜனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினான். "ஏலே ராசு, வேண்டாம்லே! தாலியக் கட்டு மொதல்ல! கட்டிட்டுச் சொல்லுலே!" இத்தனை பேர் முன்னால் கெஞ்சுகிறோம் என்று தெரிந்தும் கெஞ்சினான். அந்த முடி ஒன்றாவது இந்த வீட்டில் தங்கட்டும் என்று அவன் எந்தச் சாமியிடமும் கேட்காததை அப்போது கேட்டான்.

குனிந்திருந்த சண்முகக்கனி தலையை நிமிர்த்தினாள். "அத்தான், பாதி விழுங்குன பேச்சு வயித்துல கெடந்து புண்ணாயிரும். அப்புறம் அதை எங்கிட்டதான் வந்து கக்குவீங்க. இங்கனயே சொல்லிருங்க."

இசக்கிராஜ் சொன்னான். "உம்ம வேலை போனா மயிரே போச்சு."

முடி எழுந்தது. யாரோ அவசரப்பட்டுத் தூவியிருந்த அட்சதை அதிலிருந்து உதிர்ந்து மேடையில் சிதறியது. மின்விசிறியை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாக அது வெளியே போயிற்று. சபையே அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தியதைத் தவில்காரர் தாலி கட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார். மேளம் முழங்கிய பிறகு கட்டாமல் இருக்க முடியாதே, வழுக்கைத் தலையோடு இசக்கிராஜ் தாலி கட்டினான்.

மேளம் ஓய்ந்தபோது முதலாளி சிரிப்பதற்குத் தயாராகச் சபையைப் பார்த்தார். அதற்குள் சண்முகக்கனி மாமனாரின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி, ஐந்து விரலாலும் அள்ளி, கோயிலில் மொட்டை போட்டு இறங்குகிறவனுக்குப் பூசுவதுபோலப் புருஷன் தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை பூசினாள். "இது சொட்டை இல்ல," என்றாள் சபையைப் பார்த்து, "மொட்டை. கொட்டுனது இல்ல, குடுத்தது." அவள் குரலில் வெட்கம் இல்லை, அழுகையும் இல்லை, நல்ல சுத்தமான கோபம் இருந்தது. தளவாய் எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அந்தக் குரலைத்தான். அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டான்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "எங்கம்மாவத் திட்டுனீருல்லா. உம்ம மில்லு போனா மயிரே போச்சு." அவன் முடி போயிற்று. பக்கத்தில் இருந்தவன் தன் தலையை ஒருமுறை கடைசியாகக் கோதிவிட்டு எழுந்தான். பிறகு இன்னொருவன். ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருந்தான், ஒவ்வொருவனும் அதை முழுசாகச் சொன்னான். வென்டிலேட்டரில் முடி அடைத்துக்கொண்டு மண்டபம் கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது. காதோரக் கைப்பிடியைக் காப்பாற்றி வைத்திருந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். வெளிச்சம் வந்தபோது முதலாளி நின்ற இடம் காலியாக இருந்தது. சந்தனம் போதாமல் சமையல்காரர் உள்ளிருந்து இன்னும் கரைத்துக் கொண்டுவந்தார்.

பரமன் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். தளவாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எனக்கு முப்பது வயசுல கொட்டுச்சுலே," என்றார் பரமன். "ஒங்கம்மா மடியில நீ. கண்ணாடி பாக்கதுக்குப் பயம். வெளிய போனா எல்லாவனும் சிரிக்கான். சரி, நாமளும் சிரிச்சிருவோம்னு சிரிச்சேன். சிரிக்காட்டி அழணும்லா." படியில் கிடந்த கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்து மகனின் தலையில் பூசினார். "ஒனக்கும் அன்னைக்கே பூசியிருக்கணும். நான் என்னலே செஞ்சேன். ஜன்னல்னு சொல்லிச் சிரிச்சேன்."

தளவாய் காலியான கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான்.

பரமன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லாததை, புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்போல மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "போனா மயிரே போச்சு." அவர் தலையில் போவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அவருடைய சிரிப்பு போயிற்று. உதட்டோரத்திலிருந்து கிளம்பி, வென்டிலேட்டர் பக்கம் போகாமல், வந்தவர்கள் போகிற வாசல் வழியாகவே வெளியேறியதைத் தளவாய் பார்த்தான். அந்த முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் தினம் பார்க்கும் தன் முகம்போலவே அது இருந்தது.

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியபோது மில் வாசலுக்கு வெளியே பையன்கள் நின்றார்கள், தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தளவாய் கடையைத் திறக்கவில்லை, வாசலுக்கு முகம் காட்டி முன்வரிசையில் நின்றான். கேட்டுக்கு முன்னால் காக்கிச் சட்டையில் பரமன். கார் வந்து நின்றது. ஜன்னல் இறங்கியது. பழக்கதோஷத்தில் சாவிக்கொத்தோடு கை வெளியே நீண்டு, தலை குனிந்து வரும் என்று காற்றில் காத்திருந்தது.

பரமன் குனியவில்லை. கேட்டையும் திறக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், புதிதாக வந்த ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

"யாரப் பாக்கணும்?"